மலை உயரமும் காப்பிச் சுவையும்

காப்பி விற்போர் பலர் இக்காலத்தில் பொட்டலத்தின்மேல் ஓர் எண்ணை அச்சிடுகின்றனர். '1,600 மீட்டர்' என்றோ '1,900 மீட்டர்' என்றோ அஃது இருக்கும். கொட்டை விளைந்த தோட்டம் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அந்த எண் அறிவிக்கிறது. எண் மிகுந்தால் பெரும்பாலும் விலையும் மிகுகிறது. மலை உயர உயரக் காப்பியின் சுவையும் உயரும் என்பது விற்போரும் வாங்குவோரும் ஒருங்கே ஒப்பிய கருத்தாக நிலவுகிறது. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வுண்மை முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுவதில்லை. உயரம் சுவையை எவ்வாறு மாற்றுகிறது, உயரம் ஒன்றே அதனைச் செய்கிறதா, தாழ்நிலத்தில் நல்ல காப்பி விளையவே விளையாதா என்னும் மூன்று வினாக்களை ஈண்டு முறையாக ஆராய்வோம்.

தமிழாசிரியர்களுக்கு இவ்வாராய்ச்சியின் அடிப்படை புதிதன்று. தொல்காப்பியர் அகத்திணையியலில் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக வகுத்தார். மரமும் பூவும் பறவையும் விலங்கும் அவ்விரண்டையும் சார்ந்து நிற்கும் கருப்பொருள்கள். நிலத்தை மட்டும் சொல்லிப் பொழுதைச் சொல்லாது விட்டால் முதற்பொருள் நிறைவு பெறாது. காப்பியின் செய்தியும் இத்தகையதே. பொட்டலத்தின் மேலுள்ள எண் நிலத்தைச் சொல்கிறது, பொழுதைச் சொல்லவில்லை. பழம் கனிய எடுத்துக்கொள்ளும் பொழுதே சுவைக்கு முதன்மையான காரணம் என்பதை மேலே செல்லச் செல்லக் காண்போம்.

காப்பியின் இனங்கள்

காப்பி என்று ஒரு பெயரால் வழங்கினாலும் அது ஒரே செடியன்று. காப்பிப் பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் வாணிகத்தில் முதன்மை பெற்றவை அராபிக்கா, ரொபஸ்டா என்னும் இரண்டு. மூன்றாவதாக வைத்து எண்ணத்தக்கது லிபெரிக்கா.

அராபிக்கா என்னும் பெயர் அரபு நாட்டை நினைவூட்டினும் அச்செடியின் பிறந்தகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளே. அங்கே பெருமரங்களின் நிழலில், ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,000 மீட்டர் வரை உயர்ந்த நிலத்தில், அது தானாக வளர்ந்து வந்தது. ஆண்டுச் சராசரி வெப்பம் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரை உள்ள இடம் அதற்கு மிக உகந்தது. ரொபஸ்டாவோ காங்கோ ஆற்றுப் படுகை முதலிய ஆப்பிரிக்க வெப்பக் காடுகளில் தோன்றியது. 22 முதல் 26 பாகை வரை வெப்பமுள்ள நிலத்தில் செழிப்பது. லிபெரிக்கா மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நிலத்துக்கு உரியது. கடல் மட்டத்தை ஒட்டிய சதுப்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கும்.

இவ்வினங்கள் பிறப்பிலேயே வேறுபட்டவை. வறுக்காத அராபிக்காக் கொட்டையில் நூற்றுக்கு 6 முதல் 9 பங்கு வரை சர்க்கரை உண்டு. ரொபஸ்டாவில் பெரும்பாலும் அதனினும் குறைவே. காஃபீன் என்னும் கசப்புப் பொருள் அராபிக்காவில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.2 பங்கு, ரொபஸ்டாவில் 2 பங்குக்கு மேல். ஆகவே, 'மலைக் காப்பி இனிது, தாழ்நிலக் காப்பி கசப்பு' என்னும் பொதுப் பேச்சில் இருவேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று இன வேறுபாடு. மற்றொன்று ஓரினத்துக்குள்ளேயே உயரத்தால் விளையும் வேறுபாடு. இவ்விரண்டையும் பிரித்துக் காணாவிடில் தெளிவு பிறவாது. முதலில் அராபிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மலையின் அடிவாரத்திலிருந்து உச்சியை நோக்கி ஏறும்போது நிகழ்வதை நோக்குவோம்.

உயரமும் வெப்பமும்

மலை ஏற ஏறக் குளிர்கிறது என்பது பட்டறிவு. அதற்கு ஓர் அளவும் உண்டு. சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 0.65 பாகை வெப்பம் குறைகிறது. 1,000 மீட்டருக்கு 6.5 பாகை என்க. இக்கணக்கை நம் நாட்டிலேயே சரிபார்க்கலாம். கோலாலம்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகைக்குச் சற்று மேல். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,450 மீட்டருக்கு 9.4 பாகை குறைய வேண்டும். கழித்துப் பார்த்தால் 18 பாகை வருகிறது. தானா ராத்தாவில் உண்மையில் நிலவும் சராசரி வெப்பமும் ஏறத்தாழ 18 பாகையே. வகுப்பறையில் மாணவர்க்கு இதனை ஒரு கணக்காகவே தரலாம்.

இக்கணக்கிலிருந்து மற்றொன்றும் புலனாகிறது. அராபிக்கா விரும்பும் 18 முதல் 22 பாகை வெப்பம் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் கடலோரத்தில் கிட்டாது, மலைமேல்தான் கிட்டும். கொலம்பியா, கென்யா, எத்தியோப்பியா, சுமத்திராவின் காயோ மேட்டுநிலம் ஆகியவற்றில் காப்பித் தோட்டங்கள் 1,200 மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. செடி உயரத்தைத் தேடிச் செல்லவில்லை. குளிர்ச்சியைத் தேடிச் சென்றது.

குளிர்ச்சி செய்யும் வேலை

குளிர்ச்சி கொட்டைக்குள் என்ன செய்கிறது? அது காலத்தை நீட்டித்துத் தருகிறது. வெப்பமான தாழ்ந்த தோட்டத்தில் அராபிக்கா பூத்த ஆறு ஏழு மாதங்களில் பழம் சிவந்துவிடும். குளிர்ந்த உயர்ந்த தோட்டத்தில் அதே பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். பழத்தின் சதை கனிவது ஒரு வேலை. அதனுள் இருக்கும் கொட்டை நிரம்பி முற்றுவது வேறொரு வேலை. வெப்பம் மிகுந்தால் முதல் வேலை விரைந்து முடிந்துவிடும். இரண்டாம் வேலை அரைகுறையாக நிற்கும். வெளியே பழம் சிவந்திருக்கும். உள்ளே கொட்டை முழுமை எய்தியிராது. குளிர்ந்த இடத்தில் இரண்டு வேலைகளும் இணைந்து நடந்து ஒருசேர முடிகின்றன.

இரவின் பங்கும் இதில் உண்டு. செடி பகலில் கதிரவன் ஒளியைக் கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. இரவில் ஒளியில்லை, ஆயினும் உயிர் வாழ்வதற்காகச் செடி மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது, அம்மூச்சு பகலில் ஈட்டிய சர்க்கரையைச் செலவிடுகிறது. இரவு வெப்பமானால் செலவு மிகும், குளிர்ந்தால் குறையும். வருவாய் ஒன்றாக இருப்பினும் செலவு குறைந்த குடும்பத்தில் சேமிப்பு மிகுவது போல, குளிர்ந்த இரவுகளைக் கண்ட செடியில் பழத்துக்கு அனுப்பத்தக்க பொருள் மிகுகிறது.

இவ்வாறு மெல்ல நிரம்பிய கொட்டை செறிவுள்ளதாகவும் கடினமாகவும் இருக்கும். குவாட்டமாலாவில் ஏறத்தாழ 1,350 மீட்டருக்கு மேல் விளையும் கொட்டையை 'மிகக் கடின வகை' என்னும் உயர்ந்த தரத்தில் வைக்கின்றனர். எல் சால்வடோரில் 1,200 மீட்டருக்கு மேல் விளைந்ததற்கு முதல் தரம். உயரத்தைக் கொண்டே தரம் பிரிக்கும் இவ்வழக்கம் மத்திய அமெரிக்கா எங்கும் உண்டு. தாழ்நிலத்தில் விரைந்து விளைந்த கொட்டை சற்று மென்மையாகவும் நொய்ம்மையாகவும் இருக்கும். அதனை வறுப்போர் அனலைத் தணித்தே வறுப்பர். கடினக் கொட்டையோ மிகுந்த அனலைத் தாங்கும்.

நாவில் தெரியும் வேறுபாடு

சுவைத்தறிவதையே தொழிலாகக் கொண்டோர் மலைக் காப்பியின் முதற்பண்பாகக் கூறுவது புளிப்பு. புளிப்பு என்றவுடன் கெட்டுப்போன மோரை எண்ணிவிடலாகாது. நல்ல ஆரஞ்சுப் பழத்தில் இனிப்போடு இழைந்து நாவைத் தெளிவிக்கும் புளிப்பே இங்குக் குறிக்கப்படுவது. எலுமிச்சை இனத்திலுள்ள சிட்ரிக் அமிலமும் ஆப்பிளிலுள்ள மாலிக் அமிலமும் காப்பிக் கொட்டையிலும் உள்ளன. இப்புளிப்போடு பூ மணமும் பழ மணமும் மலைக் காப்பியில் மிகுந்து தோன்றும். தாழ்ந்த தோட்டத்து அராபிக்காவில் புளிப்பு மழுங்கி, சுவை தட்டையாகி, சில வேளை மண் வாடையும் பச்சை வாடையும் தலைகாட்டும்.

இந்து மாக்கடலிலுள்ள ரியூனியன் தீவு இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாயிற்று. சிறு தீவாயினும் அங்கே கடலோரத்திலிருந்து மலைமேல் வரை பல்வேறு வெப்பநிலைகள் உண்டு. அங்குப் பல உயரங்களில் விளைந்த அராபிக்காவை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு இது: கொட்டை வளரும் காலத்தில் நிலவிய வெப்பமே சுவையை மாற்றுவதில் முதலிடம் பெறுகிறது. குளிர்ந்த இடத்துக் காப்பியில் புளிப்பும் பழ மணமும் மிகுந்தன; வெப்பமான இடத்துக் காப்பியில் மண் வாடையும் பச்சை வாடையும் மிகுந்தன.

மலைக் காப்பியில் சர்க்கரை மிகுதி, ஆதலால் சுவை மிகுதி என்று பலர் எளிதாக விளக்கம் கூறிவிடுகின்றனர். ஓரினத்துக்குள் இவ்விளக்கம் எப்போதும் பொருந்துவதில்லை. கோஸ்டா ரிக்காவின் நடுப் பள்ளத்தாக்கில் ஒரே இடத்தில் நிழலிலும் வெயிலிலும் அராபிக்காவை வளர்த்து ஆராய்ந்தனர். முடிவு 2006-இல் வெளியாயிற்று. நிழல் பட்ட செடிகளில் பழம் கனிவது ஒரு மாதம் வரை தாமதமாயிற்று, கொட்டை பெருத்தது, பானமும் சிறந்தது. வெயிலில் விளைந்த கொட்டையில்தான் சர்க்கரை மிகுந்திருந்தது. ஆயினும் அதன் பானம் கசப்பும் துவர்ப்பும் மிகுந்து நின்றது. குளோரோஜெனிக் அமிலம் முதலிய பொருள்களும் அக்கொட்டையில் மிகுந்திருந்தன. முற்ற வேண்டிய அளவு அது முற்றவில்லை என்பதற்கு இவை அடையாளம் என்று ஆராய்ந்தோர் கொண்டனர். எனவே, சுவையைத் தனி ஒரு பொருளின் மிகுதியால் அளக்க இயலாது. கொட்டை நிறைவாக முற்றியதா என்பதே கேள்வி.

மெல்லிய காற்றா, குளிர்ச்சியா?

மலைமேல் காற்று மெலிந்திருப்பதால், அங்குப் பிராணவாயு குறைவதால், செடி மெல்ல வளர்கிறது என்று கூறுவாரும் உளர். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல் நூற்றுக்கு 85 பங்களவே என்பது மெய்தான். ஆனால் மேற்சொன்ன கோஸ்டா ரிக்கா ஆராய்ச்சியில் நிழலும் வெயிலும் ஒரே உயரத்தில்தான் இருந்தன. காற்று ஒன்றே, அழுத்தம் ஒன்றே. நிழல் தந்த குளிர்ச்சியே அங்கு மலை செய்யும் வேலையைச் செய்தது.

இதனினும் தெளிவான சான்று ஹவாய்த் தீவின் கோனா வட்டாரம். உலகில் உயர்ந்த விலை பெறும் காப்பிகளுள் கோனாவும் ஒன்று. ஆனால் அது விளைவது ஏறத்தாழ 150 மீட்டர் முதல் 900 மீட்டர் வரை உள்ள மலைச்சரிவிலேதான். பொட்டலத்தின் எண்ணை மட்டும் நம்புவோர் அதனைத் தாழ்நிலக் காப்பி என்று தள்ளிவிடுவர். கோனா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 19 பாகைக்கு அப்பால் உள்ளது. அங்கே உயரம் குறைந்த இடத்திலும் வெப்பம் தணிந்திருக்கும். பிற்பகலில் முகில் திரண்டு வந்து தோட்டங்களின்மேல் கூரைபோல் நிற்பதும் வழக்கம். மலை உயரத்தால் பெறவேண்டிய குளிர்ச்சியைக் கோனா இடத்தாலும் முகிலாலும் பெறுகிறது.

இதனால் ஒரு பொதுவிதி கிட்டுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே உயர்ந்த மலை வேண்டும். விலகிச் செல்லச் செல்ல உயரம் குறைந்தாலும் போதும். கொலம்பியாவின் தென்கோடியிலுள்ள நாரின்யோ நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், அங்கே 2,000 மீட்டரை நெருங்கிய உயரத்திலும் காப்பி நன்கு விளைகிறது. கோனாவில் அத்தகைய உயரத்தில் அராபிக்கா குளிரைத் தாங்கிப் பயன்தராது. ஓரிடத்து 1,000 மீட்டரும் வேறிடத்து 1,000 மீட்டரும் ஒன்றல்ல என்பதை வாங்குவோர் மனத்தில் இருத்த வேண்டும்.

குளிர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. உறைபனி பட்டால் காப்பிச் செடி கருகிவிடும். பிரேசிலின் பரானா மாநிலம் நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே வெகுதொலைவில் உள்ளது. 1975-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு விழுந்த கடும் உறைபனி அம்மாநிலத்தின் காப்பித் தோட்டங்களை அழித்தது. உலகெங்கும் காப்பி விலை ஏறிற்று. பிரேசிலின் காப்பித் தொழிலும் பரானாவை விட்டு வடக்கே மினாஸ் ஜெராயிஸ் முதலிய இடங்களை நோக்கி நகர்ந்தது. மிகுந்த வெப்பம் சுவையைக் கெடுக்கும். மிகுந்த குளிரோ செடியையே கெடுக்கும்.

வறுப்பில் மறைவதும் நிற்பதும்

மலை கொடுத்த சுவை முழுவதும் நம் கோப்பையை வந்தடைகிறதா என்பதும் எண்ணத்தக்கது. கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் மாறிவிடுகிறது. ஒரு பகுதி புரதக் கூறுகளுடன் கூடி நிறத்தையும் மணத்தையும் தருகிறது. ஒரு பகுதி புதிய அமிலங்களாகிறது. இளம்பழுப்பாக வறுத்தால் தோட்டத்தின் தன்மை தெரியும். கருக வறுத்தால் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சிதைந்து, புளிப்பு மறைந்து, வறுப்பின் கசப்பே மேலோங்கும்.

நம் காப்பிக் கடைகளில் வழங்கும் காப்பியை நோக்குக. ரொபஸ்டாவும் லிபெரிக்காவுமான கொட்டைகளைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருமையாக வறுப்பதும், துணிப்பையில் இட்டு வடிப்பதும், கெட்டிப்பால் சேர்ப்பதும் இங்குள்ள முறை. தாழ்நிலக் கொட்டையின் கனத்துக்கும் கசப்புக்கும் இம்முறை நன்கு பொருந்துகிறது. தமிழ்நாட்டிலோ சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி ஆகியவற்றில் அராபிக்கா விளைகிறது. ஆயினும் சிக்கரி கலந்து, பால் மிகுதியாகச் சேர்த்து அருந்தும் வழக்கத்தில் மலைக் கொட்டையின் மெல்லிய புளிப்பு மறைந்து போகிறது. திண்மையும் மணமுமே எஞ்சுகின்றன. இதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. ஆனால் பாலும் சிக்கரியும் கலந்து குடிப்பவர் '1,900 மீட்டர்' என்னும் எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் மிகுதியாக இல்லை என்பதை அறிந்திருத்தல் நலம்.

மலையேறும் வெப்பம்

இதுவரை கூறியவை சுவையைப் பற்றியவை. இதே கணக்கு உழவரின் வாழ்வையும் தொடுகிறது.

தொழிற்புரட்சிக்கு முற்பட்ட காலத்தைவிட இன்று உலகின் வெப்பம் 1 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. 100 மீட்டருக்கு 0.65 பாகை என்னும் அளவை இங்கே திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். 1 பாகை வெப்பம் கூடினால், முன்பிருந்த குளிர்ச்சியைப் பெறத் தோட்டம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். மலைமேல் தரம் குறிக்கும் கோடோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. குவாட்டமாலாவின் 1,350 மீட்டர் இன்றும் 1,350 மீட்டரே. ஆனால் அங்கு வீசும் காற்று பாட்டன் காலத்துக் காற்றன்று. எண் மாறவில்லை, எண்ணுக்குள் இருந்த குளிர்ச்சி நழுவி வருகிறது.

மேலே ஏறிவிட்டால் தீர்ந்தது என்று கூறவும் இயலாது. மலை கூம்பு வடிவினது. கூம்பின் பாதி உயரத்துக்கு மேலுள்ள சரிவின் பரப்பு முழுச் சரிவில் நான்கில் ஒரு பங்கே என்பது வடிவியல் கற்பிக்கும் உண்மை. ஏற ஏற நிலம் குறுகும். பல நாடுகளில் மேலே இருப்பது ஊற்றுகளைக் காக்கும் காடு. அதனை அழித்துத் தோட்டம் போட்டால் கீழே நீர் வற்றும். சிறு நிலம் உடைய உழவருக்கோ தம் நிலத்தை விட்டு மேலே நகரும் வழியே இல்லை.

இரவு வெப்பமாவது கேடு என்று முன்னர்க் கூறினோம். தான்சானியாவின் அராபிக்கா விளைச்சலை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை இதனை எண்ணால் காட்டிற்று. நாளின் குறைந்த வெப்பம், அதாவது இரவு வெப்பம், 1 பாகை கூடுந்தோறும் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 137 கிலோ விளைச்சல் குறைகிறது என்பது அதன் முடிவு. காப்பிக்கு ஏற்ற நிலம் 2050-ஆம் ஆண்டளவில் உலகில் பாதியாகச் சுருங்கக்கூடும் என்று அதே ஆண்டில் வேறோர் ஆராய்ச்சி கணித்தது. காப்பியின் பிறந்தகமாகிய எத்தியோப்பியாவில், இப்போது காப்பி விளையும் நிலத்தில் நூற்றுக்கு 39 முதல் 59 பங்கு வரை தகுதியிழக்கக்கூடும் என்று 2017-இல் வெளியான கணிப்பு கூறியது.

நோய்களும் வெப்பத்தோடு மலையேறுகின்றன. காய்த்துளைப்பான் வண்டும் இலைத்துரு நோயும் குளிரில் ஒடுங்கியிருப்பவை. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவைத் தாக்கிய இலைத்துரு, முன்பு அதன் கொடுமையை அவ்வளவாக அறியாத உயர்ந்த தோட்டங்களையும் விடவில்லை. பழம் பறித்துக் கூலி பெறும் ஏழைக் குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன.

தாழ்நிலத்தின் பங்கு

இலைத்துரு என்னும் பெயர் தமிழர் வரலாற்றில் இடம் பெற்ற பெயராகும். இலங்கையின் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காலத்தில் அராபிக்கா பெருந்தொழிலாக இருந்தது. அத்தோட்டங்களில் உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் சென்ற தமிழர். 1869-இல் அங்கு இலைத்துரு கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளில் காப்பித் தொழில் சரிந்து தேயிலை அவ்விடத்தைக் கைப்பற்றிற்று. அராபிக்காவுக்கு மாற்றாக வேறு இனங்களைத் தேடியபோதுதான் லிபெரிக்கா கீழை நாடுகளில் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொபஸ்டா ஜாவாவில் வேரூன்றிற்று.

மலாயாவின் சிலாங்கூர் முதலிய இடங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லிபெரிக்காத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றிலும் தமிழர் உழைத்தனர். 1890-களின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகு விளைச்சலால் விலை வீழ்ந்தது, இரப்பர் வந்தது, காப்பி பின்னடைந்தது. ஆயினும் லிபெரிக்கா மறைந்துவிடவில்லை. இன்றும் ஜொகூர் மாநிலத்தில் அது விளைகிறது. மரம் உயர்ந்தது, பழம் பெரியது, தோல் தடித்தது, கொட்டையில் பலாப்பழத்தை நினைவூட்டும் மணம் உண்டு. நம் நாட்டு வெப்பமே அதற்கு உரிய வெப்பம்.

தாழ்நிலத்தில் நல்ல காப்பி விளையாதா என்னும் மூன்றாம் வினாவுக்கு இங்கே விடை கிட்டுகிறது. தாழ்நிலத்தில் நல்ல அராபிக்கா விளைவது அரிது. ஆனால் அராபிக்கா ஒன்றே காப்பியன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஸ்டெனோபில்லா என்னும் இனம் முன்பு பயிரிடப்பட்டுப் பின்னர் மறக்கப்பட்டது. சியரா லியோன் நாட்டில் அதனை மீண்டும் கண்டெடுத்து, கியூ தாவரவியல் தோட்டத்து அறிஞரும் பிறரும் சேர்ந்து சுவைத்து ஆராய்ந்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். அதன் சுவை உயர்தர அராபிக்காவை ஒத்திருந்தது. அது வளரும் இடத்தின் சராசரி வெப்பமோ 24.9 பாகை. அராபிக்கா வளரும் இடத்தைவிட 6 பாகைக்கு மேல் மிகுந்த வெப்பம் அது. மறுபடியும் லிபெரிக்காவை மதித்து நோக்கவேண்டிய காலம் வந்தது என்று 2022-இல் அறிஞர் எழுதினர். ஒவ்வோர் இனத்துக்கும் உரிய வெப்பத்தில், உரிய காலம் எடுத்து, கொட்டை முற்றினால் அதனதன் நலம் வெளிப்படும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். உயரம் வெப்பத்தைத் தணிக்கிறது. தணிந்த வெப்பம் பழம் கனியும் காலத்தை நீட்டுகிறது. நீண்ட காலம் கொட்டையை முற்றச் செய்கிறது. முற்றிய கொட்டை நற்சுவையைத் தருகிறது. இச்சங்கிலியில் உயரம் முதற்கண்ணி மட்டுமே. நிழல் மரமும் முகிலும் நிலநடுக்கோட்டுக்கு அப்பாற்பட்ட இடமும் அதே வேலையின் ஒரு பகுதியைச் செய்யவல்லன. ஆதலின், பொட்டலத்தில் உயரத்தைக் காண்போர் அது எந்த நாட்டு உயரம், எந்த இனத்துக் கொட்டை, எவ்வாறு வறுத்தது என்பவற்றையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பில் எடுத்துரைப்பின், நிலநூலும் கணக்கும் தாவரநூலும் திணை இலக்கணமும் ஒரு கோப்பைக் காப்பியில் கூடி நிற்பதை மாணவர் காண்பர். அதனோடு, மலைச்சரிவில் நின்றுகொண்டு மேலே ஏற இடமின்றிக் கதிரவனை அண்ணாந்து நோக்கும் உழவனையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாயின், கற்ற கல்வி பயனுடையதாகும்.